ஆடுபுலி ஆட்டம்: ஸ்பெக்ட்ரமிலிருந்து டிவி கேமுக்கு

பழைய கணினிக்கு எழுதிய ஒரு விளையாட்டை இன்னொரு பழைய இயந்திரத்துக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் முதலில் செயலியைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். இசட்80 என்ற செயலியின் கட்டளைகளை 6502 என்ற செயலியின் கட்டளைகளாக மாற்றுவது எப்படி என்பதே முதல் கேள்வியாக வருகிறது. அந்த வேலை பொறுமை கேட்கும், அவ்வளவுதான். ஆட்டம் நன்றாக வருமா என்பது படத்தைத் திரைக்கு அனுப்பும் சில்லின் கையில்தான் இருக்கிறது. விதிகளையும் அட்டவணைகளையும் அப்படியே எடுத்துப் போகலாம். படம், எழுத்து, ஒலி மூன்றுக்கும் புது இயந்திரத்தில் புதுக் கணக்குப் போட்டாக வேண்டும்.

ஆம்ஸ்ட்ராட் சிபிசி 464 இதற்கு நல்ல சான்று. 1984-இல் வந்த அந்தக் கணினியிலும், 1982-இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமிலும் இருந்தது ஒரே இசட்80 செயலி. அதனால் பல நிறுவனங்கள் ஸ்பெக்ட்ரம் நிரலை ஏறக்குறைய அப்படியே தூக்கி ஆம்ஸ்ட்ராட்டில் ஓட்டின. ஸ்பெக்ட்ரமின் முழுத் திரைக்கு 6,912 பைட் போதும். ஆம்ஸ்ட்ராட்டின் திரை 16 கிலோபைட். ஒவ்வொரு அசைவுக்கும் இரு மடங்குக்கு மேல் பைட்டுகளைத் தள்ள வேண்டியிருந்ததால் ஆட்டம் மந்தமானது. 27 நிறம் தெரிந்த கணினியில் நான்கு நிறத்தோடு நின்றுபோன விளையாட்டுகள் ஏராளம். செயலி பொருந்தியும் படச்சில்லின் கணக்கு பொருந்தவில்லை.

கடலூர், புதுச்சேரி பக்கம் இந்த வேலையில் இறங்க விரும்புவோருக்குக் கைக்கு எட்டக்கூடிய இயந்திரங்கள் இரண்டு. ஒன்று ஸ்பெக்ட்ரம். டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1986-இல் உரிமம் பெற்று ‘டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்’ என்ற பெயரில் அதை இந்தியாவில் விற்றது. இரண்டாவது, தொண்ணூறுகளில் வீடுவீடாக வந்த டிவி கேம் பெட்டி. அது நின்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற விளையாட்டுப் பெட்டியைப் பார்த்துச் செய்த, 6502 வகைச் செயலியில் ஓடும் நகல். 60 முனை கேசட் போடுவது. பல்விளையாட்டுக் கேசட்டும் பெட்டியுமாகப் புதுச்சேரி மகாத்மா காந்தி வீதி ஞாயிறு சந்தையின் பழைய சாமான் விரிப்புகளில் தேடிப் பார்க்கலாம். படக்குழாய்த் தொலைக்காட்சிக்கும் கடலூர் மாவட்டத்தில் பஞ்சமில்லை. தமிழக அரசு 2006-இல் தொடங்கிய இலவசத் திட்டத்தில் கொடுத்த 14 அங்குல வண்ணப் பெட்டிகள் பரணிலும் பழைய இரும்புக் கடையிலும் இன்னும் கிடக்கின்றன.

எடுத்துக்காட்டுக்கு ஆடுபுலி ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கோயில் மண்டபத் தரைகளில் கீறிவைத்த அதே கட்டம்தான். ஓடுவதும் சுடுவதும் இல்லாத ஆட்டம் என்பதால் எளிது என்று தோன்றும். சாய்ந்த கோடுகள், தமிழ் எழுத்து, ஒரே வரிசையில் நெருங்கி நிற்கும் காய்கள் என டிவி கேம் பெட்டிக்குப் பிடிக்காதவை எல்லாமே இதில் இருக்கின்றன.

அப்படியே எடுத்துப் போகக்கூடியவை

கட்டத்தில் 23 புள்ளிகள். உச்சியில் ஒன்று, குறுக்குக்கோடுகள் மூன்றிலும் ஆறாறாகப் பதினெட்டு, அடிக்கோட்டில் நான்கு. உச்சியிலிருந்து நான்கு கால்கள் இறங்கி மூன்று குறுக்குக்கோடுகளையும் வெட்டி அடிக்கோட்டைத் தொடும். குறுக்குக்கோடுகளின் இடது முனைகளை ஒரு செங்குத்துக்கோடும் வலது முனைகளை இன்னொன்றும் இணைக்கும். எந்தப் புள்ளிக்கும் நான்குக்கு மேல் அண்டைப் புள்ளி கிடையாது. ஆகவே புள்ளிக்கு நான்கு இடமாக 92 பைட்டில் அண்டை அட்டவணை முடிந்துவிடும். வழி இல்லாத இடத்தில் 255 போடுங்கள். மொத்தக் கோட்டுத் துண்டுகள் 38. ஒவ்வொன்றும் இரு முனையிலிருந்தும் எண்ணப்படும் என்பதால் 92 இடத்தில் 76 நிரம்பியிருக்க வேண்டும், 16 இடத்தில் 255 இருக்க வேண்டும். அட்டவணையைக் கையால் எழுதியபின் இந்த எண்ணிக்கையைச் சரிபாருங்கள். ஒரு பக்கம் போகலாம், மறுபக்கம் திரும்ப முடியாது என்ற கோளாறு பெரும்பாலும் இங்கேதான் நுழையும்.

புலி தாண்டும் இடங்களுக்கு இதே அளவில் இன்னொரு அட்டவணை. அண்டை அட்டவணையில் எந்த இடத்தில் ஆடு இருக்கிறதோ, தாண்டல் அட்டவணையின் அதே இடத்தில் புலி போய் இறங்கும் புள்ளி. இதில் 56 இடம் நிரம்பும். ஒரே கோட்டில் அடுத்தடுத்து நிற்கும் மூன்று புள்ளிகள்தான் ஒரு தாண்டல். உச்சியில் கால் மாறித் தாண்ட விடக்கூடாது. எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறும், ஆகவே அதை நிரலின் தலையில் ஒரு மாறிலியாக வையுங்கள்.

இந்த இரண்டு அட்டவணையும், 23 பைட் பலகையும், 3 புலி 15 ஆடு என்ற எண்ணிக்கையும் எந்த இயந்திரத்திலும் மாறாது. அட்டவணையைப் பார்க்கும் விதம்தான் மாறும். இசட்80-இல் எச்எல் என்ற பதிவேட்டில் (செயலிக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) அட்டவணை முகவரி, டிஇ பதிவேட்டில் எண், இரண்டையும் கூட்டி எடுப்பது என்று எழுதினால் 39 டி-நிலை (கடிகாரத் துடிப்பு) ஆகும், ஸ்பெக்ட்ரமின் 3.5 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் சுமார் 11 மைக்ரோவினாடி. அட்டவணையை 256-இன் மடங்கில் உட்கார வைத்தால் 18 டி-நிலையில் முடியும். 6502-இல் எண்ணை எக்ஸ் பதிவேட்டில் போட்டு ஒரே கட்டளையில் எடுத்துவிடலாம்: 6 சைக்கிள், நகல் பெட்டியின் 1.77 மெகாஹெர்ட்ஸில் 3.4 மைக்ரோவினாடி. கடிகாரம் பாதி வேகம்தானே என்று பயப்பட வேண்டாம். அட்டவணையை நம்பி எழுதிய நிரல் 6502-இல் சுறுசுறுப்பாகவே ஓடும்.

ஐஎக்ஸ் பதிவேட்டை நம்பிய நிரல்தான் இடறும். புலியின் யோசனைக்கு ஒவ்வொரு ஆழத்திலும் (எத்தனை நகர்வு முன்னால் பார்க்கிறோம் என்பது) ‘எங்கிருந்து, எங்கே, வெட்டிய ஆடு, மதிப்பு’ என்று நான்கு பைட் பதிவை ஐஎக்ஸ் வழியாகப் பிடிப்பது இசட்80 பழக்கம். 6502-இல் அதைக் குலைத்து, நான்கு தனி அட்டவணையாக வைத்து, ஆழத்தை எக்ஸில் போட்டுப் பிடிக்க வேண்டும். நகர்வைச் செய்து பார்த்துவிட்டுத் திருப்பி வைக்கும் முறையில் எழுதினால், டிவி கேமின் 2 கிலோபைட் நினைவகமே தாராளம்.

சின்னதாக ஒரு பொறி உண்டு. வெட்டிய ஆடுகளின் எண்ணிக்கையைத் திரையில் காட்ட இசட்80-இல் டிஏஏ கட்டளையால் பதின்ம முறையில் கூட்டியிருப்பீர்கள். சாதாரண 6502-இல் அதற்கு ஈடான பதின்ம முறை இருக்கிறது. ஃபேமிகாமின் செயலியில் அது வெட்டப்பட்டிருக்கிறது. கட்டளை ஏற்கப்படும், விடை மட்டும் 9-க்குப் பிறகு தவறாக வரும். பத்துகளையும் ஒன்றுகளையும் தனித்தனி பைட்டில் வைத்துக்கொள்வதே நிம்மதி.

கோடு போடுவதில் வரும் சிக்கல்

ஸ்பெக்ட்ரமில் திரை என்பது 6,144 பைட் புள்ளிப்படம். அதன்மேல் 768 பைட் நிறம். எந்தச் சாய்விலும் கோடு இழுக்கலாம், கணினியின் பேசிக் மொழியிலேயே போட்டுவிடலாம். பேசிக்கின் கோடு மேலிருந்து 176 வரிக்குள்தான் போகும்; கீழே உள்ள இரண்டு எழுத்து வரிக்கு எட்டாது. காய்களை 16-க்கு 16 புள்ளியாக வரைந்து, அவற்றின் நடுப்புள்ளி 8-இன் மடங்கில் விழும்படி வைத்தால் ஒரு காய்க்குச் சரியாக நான்கு நிறக்கட்டம் கிடைக்கும். புலிக்கு மஞ்சள், ஆட்டுக்கு வெள்ளை என்று நிறம் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். நினைவக வரிசை விசித்திரமானது என்றாலும், ஒரு எழுத்துக் கட்டத்துக்குள் எச் பதிவேட்டை ஒன்று கூட்டினால் அடுத்த புள்ளி வரி வந்துவிடுகிறது. எட்டு வரிக்கு ஒருமுறை மட்டும் எல் பதிவேட்டில் 32 கூட்டி எச்சைச் சரிசெய்தால் போதும்.

டிவி கேமில் தனிப் புள்ளியைத் தொட வழியே கிடையாது. திரை 32-க்கு 30 டைல். டைல் ஒன்று 8-க்கு 8 புள்ளி. பின்னணிக்கு ஒரு நேரத்தில் 256 வேறுபட்ட டைல் கொண்ட ஒரு பட்டியல்தான். சாய்கோடு கடக்கும் ஒவ்வொரு டைலும் வேறு வடிவம் என்பதால், ஸ்பெக்ட்ரம் படத்தை அப்படியே டைலாக வெட்டினால் கட்டமே பட்டியலைத் தின்றுவிடும். பின்னணி டைலை இடவலமாகத் திருப்பிக் காட்டும் வசதியும் இதில் இல்லை. பின்னணிமேல் தனியாக நகரும் சிறு படமான ஸ்ப்ரைட்டுக்கு மட்டுமே அது உண்டு.

ஆகவே சாய்வை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். வெளிக்கால் 16 புள்ளி இறங்கும்போது 8 புள்ளி விலகட்டும். உள்கால் 4 புள்ளி விலகட்டும். அப்போது வெளிக்கால் இரண்டு டைலுக்கு ஒருமுறை தன் வடிவத்துக்கே திரும்பும், உள்கால் நான்கு டைலுக்கு ஒருமுறை. இடதும் வலதுமாகக் கணக்கிட்டால் 4 டைலும் 8 டைலும். உச்சிக்கு அருகில் இரு கால்களும் ஒரே டைலில் போகும் இடத்துக்குப் பக்கம் ஒன்றாக 2. கிடைக்கோடு 1, செங்குத்துக்கோடு 1, வெறும் புள்ளியின் வட்டம் 4, காலி டைல் 1. மொத்தம் 21. ஆட்டுக்கு 4, புலிக்கு 4 சேர்த்தால் 29. கோட்டின் தடிப்பை 2 புள்ளியாக்க ஆசை வரும். ஆனால் அது டைல் எல்லையில் வழிந்து பக்கத்து டைலையும் புதிதாக்கும்.

இடங்களையும் சொல்லிவிடலாம். உச்சியை (128, 16)-இல் வையுங்கள். குறுக்குக்கோடுகள் 112, 144, 176 என்ற வரிகளில், அடிக்கோடு 208-இல். முதல் குறுக்குக்கோட்டில் உள்கால்கள் 104, 152-இலும் வெளிக்கால்கள் 80, 176-இலும் வெட்டும். ஒவ்வொரு 32 வரிக்கும் உள்கால் 8 புள்ளி, வெளிக்கால் 16 புள்ளி விலகுவதால் எல்லாச் சந்திப்பும் டைல் மூலையிலேயே விழும். பக்கக்கோடுகள் 24, 232-இல். குறுக்குக்கோடுகளை இதைவிட மேலே ஏற்றினால் கால்கள் நெருங்கி, 16 புள்ளி அகலக் காய்கள் ஒன்றையொன்று தொடும்.

காய்களை ஸ்ப்ரைட்டாக வைக்கலாமே என்பது எல்லோருக்கும் வரும் முதல் யோசனை. 18 காய், காய்க்கு நான்கு என்றால் 72 ஸ்ப்ரைட்; இயந்திரம் தருவது 64. உயரமான 8-க்கு 16 ஸ்ப்ரைட் வகையைப் போட்டால் 36-இல் அடங்கிவிடும், ஆனால் ஒரு கிடைவரியில் 8 ஸ்ப்ரைட்டுக்கு மேல் தெரியாது. குறுக்குக்கோட்டில் ஆறு காயும் நின்றால் 12 வேண்டும். இரண்டு காய் மறைந்துவிடும். அதனால் நிற்கும் காய்கள் பின்னணி டைலாகவே இருக்கட்டும். நகரும் ஒரு காயும் தேர்வுக்குறியும் மட்டும் ஸ்ப்ரைட். காய் கிளம்பும்போது பின்னணியில் வட்டத்தை வைத்துவிட்டு ஸ்ப்ரைட்டை எழுப்புங்கள். போய்ச் சேர்ந்ததும் மாற்றி வையுங்கள்.

நிறத்திலும் ஒரு முடிச்சு. டிவி கேமின் நிறக்கட்டம் 16-க்கு 16 புள்ளி. 80-இல் நடு உள்ள காய் 72-இல் தொடங்கி 88-இல் முடிகிறது. நிறக்கட்டங்களோ 64–80, 80–96. ஒரு காய் இரண்டு கட்டத்தில் பாதிப்பாதி விழும். புலிக்கு ஒரு வண்ணத்தொகுதி, ஆட்டுக்கு ஒன்று என்று பிரித்தால் பக்கத்துக் காயின் பாதி நிறம் மாறும். தீர்வு எளிது. ஒரு தொகுதியில் பின்புலம் போக மூன்று நிறம் கிடைக்கிறது: கோட்டுக்குப் பழுப்பு, ஆட்டுக்கு வெள்ளை, புலிக்கு ஆரஞ்சு. கட்டம் முழுவதும் ஒரே தொகுதி. ஸ்பெக்ட்ரமில் இடத்தைப் பொறுத்து மாறிய நிறம், இங்கே டைலுக்குள்ளேயே வரையப்படுகிறது.

படத்தை மாற்றும் நேரம்

தொலைக்காட்சி படம் வரைந்துகொண்டிருக்கும்போது படச்சில்லின் நினைவகத்தில் கை வைத்தால் படம் குதிக்கும், சிதறும். ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் விபிளாங்க் இடைவெளியில்தான் எழுத வேண்டும். இங்கே விற்ற 50 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 50 படம்) நகல் பெட்டிகள் பெரும்பாலும் யூஎம்சியின் யூஏ6527பி போன்ற சில்லில் ஓடுபவை. ஐரோப்பாவில் நின்டெண்டோ விற்ற அசல் 50 ஹெர்ட்ஸ் பெட்டியில் 70 வரி விபிளாங்க் உண்டு. நகலிலும் மொத்தம் 312 வரிதான். ஆனால் படம் முடிந்து சுமார் 50 வரி சும்மா போனபின்தான் செயலியை அழைக்கும் குறுக்கீட்டுச் சைகை வரும், மிஞ்சுவது 20 வரி, சுமார் 2,270 சைக்கிள். ஸ்ப்ரைட் பட்டியலை $4014 என்ற முகவரி ($ என்றால் பதினாறடி எண்) வழியாக அனுப்ப 513 சைக்கிள் போய்விடும். மீதி 1,750-க்குச் சற்று மேல்.

ஆடுபுலிக்கு இது போதும். ஒரு வெட்டுக்கு மூன்று புள்ளிகள் மாறும்: புலி கிளம்பிய இடம், ஆடு போன இடம், புலி இறங்கிய இடம். 12 டைல், ஆறு முறை முகவரி. அவற்றை முன்கூட்டியே நினைவகத்தில் வரிசையாக எழுதி வைத்து, குறுக்கீடு வந்ததும் $2006, $2007-க்கு ஒரே மூச்சில் கொட்ட வேண்டும். முடிந்ததும் $2005-க்கு இருமுறை சுழியம் எழுத மறந்தால் கட்டம் முழுவதும் இடம் பெயர்ந்து நிற்கும். முழுக் கட்டத்தையும் வரைய 1,024 பைட் என்பதால் அப்போது மட்டும் $2001-இல் படத்தை அணைத்துவிட்டு எழுதுங்கள்.

பெட்டியைக் கணினியில் போலச் செய்யும் எமுலேட்டரில் சோதிக்கும்போது மண்டல அமைப்பை ‘டெண்டி’ (இந்த நகல் பெட்டிகளின் கணக்கு) என்று வையுங்கள். மெசன், எஃப்சிஇயூஎக்ஸ் என்ற எமுலேட்டர்களில் இது உண்டு. ‘பால்’ (ஐரோப்பியப் பெட்டியின் கணக்கு) என்று வைத்தால் 70 வரி விபிளாங்க் கிடைத்து எல்லாம் சரியாக ஓடுவதுபோல் தெரியும். பிறகு உண்மையான பெட்டியில் படம் கிழியும்.

தமிழ் எழுத்து

மாற்றத்தில் அதிக நேரம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான். ஆங்கில எழுத்து 8-க்கு 8-இல் அடங்கும். தமிழ் அடங்காது. ண-வின் மூன்று சுழியும் ன-வின் இரண்டு சுழியும் 8 புள்ளி அகலத்தில் ஒன்றுபோல் ஆகிவிடும். மேலே புள்ளிக்கும் கீழே ‘கு’, ‘சூ’ போன்றவற்றின் வாலுக்கும் உயரம் போதாது. 16 வரி உயரம் எடுத்துக்கொண்டு, மேல் 3 வரியைப் புள்ளிக்கும் விசிறிக்கும், நடு 9 அல்லது 10 வரியை உடலுக்கும், மீதியைக் கால்களுக்கும் வாலுக்கும் கொடுத்தால் 14 அங்குலப் பெட்டியில் எட்டி உட்கார்ந்தும் படிக்கலாம். ர, ட, ப, கால், கொம்பு 8 புள்ளி அகலம்; ண, ஞ, ஐ, ணை போன்றவை 16. எல்லா அகலமும் 8-இன் மடங்கு என்று பிடிவாதமாக வைத்துக்கொண்டால் அதே எழுத்து மறுபடி வரும்போது அதே டைல் பயன்படும். அச்சு எழுத்தைப்போல் இடைவெளியை நெருக்கினால் அந்தச் சேமிப்பு போய்விடும்.

247 எழுத்துக்கும் டைல் செய்து வைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். 16-க்கு 16 என்றால் 256 டைலில் 64 எழுத்துதான். விளையாட்டுக்குத் தேவை சில சொற்றொடர்களே: ‘ஆடு வைக்கவும்’, ‘புலி வென்றது’, ‘ஆடு வென்றது’ போன்றவை. 12 டைல் அகலம், 2 டைல் உயரம் என்றால் ஒரு சொற்றொடர் 24 டைல், பத்துக்கு 240. கணினியில் பைத்தான் நிரலால் வரியைப் படமாக்கி, டைலாக வெட்டி, ஒன்றுபோல் இருப்பதை நீக்கிக் கோப்பாக எழுதலாம். இங்கே ஒரு எச்சரிக்கை. பில்லோ என்ற பைத்தான் பட நூலகத்தை, ராக்ம் என்ற துணை நூலகத்தின் ஆதரவில்லாமல் பயன்படுத்தினால் ‘கெ’-யின் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் விழும். யூனிகோடில் சேமிக்கும் வரிசை அதுதான், காட்சிக்கு மாற்றித் தருவது ராக்மின் வேலை. விளிம்பு மென்மையாக்கலை அணைத்துவிட்டு, வந்த படத்தைக் கையால் ஒருமுறை திருத்தாமல் விடாதீர்கள். எந்தக் கணினி எழுத்துருவும் 16 வரி உயரத்தில் தானாக அழகாக வராது.

இந்த 240 டைலை எங்கே வைப்பது? முதல் பட்டியலில் கட்டத்துக்கு 29 போனது. 20-க்கு 5 டைலில் பெரிய தலைப்பு ஒன்று வைத்தால் இன்னும் 100. சொற்றொடர்களுக்கு இடம் போதாது. ஸ்ப்ரைட்டுக்கான இரண்டாவது பட்டியலோ ஏறக்குறையக் காலி: தேர்வுக்குறி, ஆடு, புலி, ஒரு அடையாள ஸ்ப்ரைட், காலி டைல் எல்லாம் சேர்த்து 14. மீதி 242-இல் பத்துச் சொற்றொடரும் உட்கார்ந்துவிடும். திரையின் மேல்பகுதியை முதல் பட்டியலிலும், 216-ஆம் வரிக்குக் கீழே இரண்டாம் பட்டியலிலும் காட்ட வேண்டும். இதற்குத்தான் பூஜ்ய ஸ்ப்ரைட் உத்தி. எண் 0 ஸ்ப்ரைட்டின் நிறமுள்ள புள்ளியை அடிக்கோட்டின்மேல், எக்ஸ் 56 அருகே, இரு காய்களுக்கு நடுவே வையுங்கள். ஸ்ப்ரைட் ஒரு வரி கீழே தெரியும் என்பதால் ஒய் மதிப்பில் ஒன்று குறைக்க வேண்டும். இரண்டு புள்ளியும் மோதியதும் $2002-இல் கொடி எழும். அங்கிருந்து ஏழு எட்டு வரி, வரிக்கு 113.67 சைக்கிள் வீதம் காத்திருந்து, $2000-இல் பின்னணிப் பட்டியல் பிட்டை மாற்றுங்கள். அடுத்த விபிளாங்கில் பழையபடி திருப்பி வையுங்கள்.

இரண்டு இடத்தில் இது கவிழும். கொடி அடுத்த படம் தொடங்கும்வரை எழுந்தே இருக்கும். முதலில் அது இறங்கும்வரை காத்திருந்து, பிறகு எழுவதற்குக் காத்திருக்க வேண்டும். அடுத்து, மோதலே நடக்காவிட்டால் நிரல் அந்தச் சுற்றிலேயே உறைந்துவிடும். படம் அணைந்திருக்கும்போது இந்தச் சுற்றுக்குள் போகவே கூடாது. புலி யோசிக்கும் நேரத்திலும் இதையே செய்யலாம்: ‘புலி யோசிக்கிறது’ என்ற வரியை மட்டும் முதல் பட்டியலில் வைத்துவிட்டால், யோசனை முடியும்வரை திரையைப் பிரிக்கும் வேலையே இல்லை, செயலியின் முழு நேரமும் புலிக்குத்தான்.

விதிகளைத் தமிழில் முழுப்பக்கமாகக் காட்ட விரும்பினால் இரண்டு பட்டியலும் சேர்ந்த இந்த 8 கிலோபைட் படநினைவகம் பத்தாது. சிஎன்ரோம் வகைக் கேசட்டுக்குப் போங்கள். அதில் 8 கிலோபைட் வீதம் நான்கு தொகுதி மாற்றலாம். தொகுதி எண்ணை எழுதும்போது, அதே எண் ஏற்கெனவே பதிந்திருக்கும் ரோம் முகவரியில்தான் எழுத வேண்டும். இல்லையென்றால் ரோமும் செயலியும் ஒரே கம்பியில் வேறு வேறு மதிப்பைத் தள்ளி, தவறான தொகுதி வரும்.

ஒலியும் கையும்

ஸ்பெக்ட்ரமின் ஒலி என்பது 254-ஆம் துறையின் ஒரு பிட்டைச் செயலியே ஆட்டுவது. ஒலி வரும்வரை ஆட்டம் நிற்கும். டிவி கேமில் அதற்கென்று தனிச் சுற்று உண்டு, ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டு நகரலாம். அந்த எண்ணில்தான் பலர் இடறுகிறார்கள். 440 ஹெர்ட்ஸ் சுரத்துக்கு நகல் பெட்டியில் 251, அமெரிக்க 60 ஹெர்ட்ஸ் பெட்டியில் 253, ஐரோப்பிய 50 ஹெர்ட்ஸ் பெட்டியில் 235. நம்முடையதும் 50 ஹெர்ட்ஸ்தானே என்று ஐரோப்பிய அட்டவணையைப் போட்டால் பாட்டு அரைச் சுரத்துக்கு மேல் ஏறிவிடும். சுர அட்டவணைக்கு அமெரிக்கக் கணக்கு ஏறக்குறையச் சரி. தாள வேகத்துக்கு 50. சில நகல் சில்லுகளில் சதுர அலையின் 25, 50 விழுக்காட்டு அமைப்புகள் இடம் மாறியிருக்கும், ஒலியின் தன்மை வேறாகக் கேட்கும், 12.5 விழுக்காட்டை மட்டும் பயன்படுத்தினால் எல்லாப் பெட்டியிலும் ஒன்றுபோல் இருக்கும்.

பொத்தான்களில், உச்சிப்புள்ளிக்குக் கீழே நான்கு வழி இருப்பதால் மேல்-கீழ்-இடம்-வலம் என்று நேராகப் பொருத்த முடியாது. காயைத் தேர்ந்தபின் இடவலப் பொத்தான், போகக்கூடிய இடங்களை மட்டும் ஒன்றொன்றாகக் காட்டட்டும். டர்போ பொத்தான் உள்ள கைப்பிடிகள் நிறைய, ஆகவே ஒரு அழுத்தத்தை ஏற்றபின் எட்டுப் படங்களுக்கு அடுத்ததைப் பொருட்படுத்தாதீர்கள். தற்செயல் எண்ணுக்கு ஸ்பெக்ட்ரமின் ஆர் பதிவேடு இங்கே இல்லை. தலைப்புத் திரையில் ஸ்டார்ட் அழுத்தும்வரை ஓடும் எண்ணியை விதையாக எடுங்கள்.

கையில் இருக்கும் பெட்டி

ஸ்பெக்ட்ரமின் 9 வோல்ட் அடாப்டரில் நடுமுனை எதிர்மின். கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது நடுமுனை நேர்மின். மாற்றிக் குத்தினால் உள்ளே உள்ள மின்சுற்று போகும். கீழ் 16 கிலோபைட்டின் 4116 சில்லுகளுக்கு +12, +5, –5 மூன்றும் வேண்டும், –5 போனால் அந்தச் சில்லுகளும் சாகும். டிவி கேம் பெட்டிகளில் முனை பெட்டிக்குப் பெட்டி மாறும். மல்டிமீட்டர் வைக்காமல் எதையும் இணைக்காதீர்கள்.

ஸ்பெக்ட்ரமுக்கு ஆட்டத்தை ஏற்ற, டேப் கோப்பை ஒலிக்கோப்பாக்கி அலைபேசியின் இயர்போன் துளையிலிருந்து ஸ்பெக்ட்ரமின் ‘இயர்’ துளைக்குக் கொடுக்கலாம். ஒலி முழு அளவில், சமனாக்கி அணைத்து, ஒற்றைத் தடமாக, அலைபேசி விமானப் பயன்முறையில் இருக்கட்டும். குறுஞ்செய்தி ஒலி ஒன்று நுழைந்தாலும் ஏற்றம் பாழ். நிரலை 32768-க்கு மேல் வையுங்கள். அதற்குக் கீழே உள்ள நினைவகத்தைப் படச்சில்லும் பகிர்வதால் அங்கே ஓடும் நிரல் மந்தமாகும்.

கேசட்டுக்கு, எமுலேட்டர் படிக்கும் நெஸ் கோப்பு 16 பைட் தலைப்பு, 32,768 பைட் நிரல், 8,192 பைட் படம் என 40,976 பைட் வர வேண்டும். நிரலையும் படத்தையும் 27சி256, 27சி64 இப்ராம்களில் (அழித்து எழுதக்கூடிய நினைவகச் சில்லுகள்) எழுதலாம். சந்தையில் கிடைக்கும் கேசட்டுகள் பலவற்றில் சில்லுக்குப் பதில் கரும்பசைப் பொட்டு மட்டுமே இருக்கும், அவை இதற்கு உதவா. சில்லு உள்ள பலகை கிடைத்தாலும் முனை வரிசை இப்ராமோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தபின் பற்றவையுங்கள். பழைய இப்ராமைப் புற ஊதாவில் 15 முதல் 20 நிமிடம் அழிக்க வேண்டும். எழுதியபின் கண்ணாடிச் சாளரத்தை ஒளி புகாத ஒட்டுத்தாளால் மூடுங்கள்.

கடற்கரை ஊர்களில் கேசட்டின் முனைகள் உப்புக்காற்றில் பச்சை பூக்கும். வாயால் ஊதிப் போடும் பழக்கம் ஈரத்தைச் சேர்த்து அதை விரைவாக்குகிறது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, காய்ந்தபின் போடுங்கள். உப்புத்தாள் பூச்சை உரித்துவிடும். புதிய பெட்டியில் முதன்முதலாக ஆட்டத்தை ஓட்டும்போது நினைவகத்தில் எமுலேட்டர் காட்டிய சுழியங்கள் இருக்காது. தொடக்கத்தில் 2 கிலோபைட்டையும் நிரலே துடைத்து, இரண்டு விபிளாங்க் கடக்கும்வரை காத்திருந்து, அதன்பின்தான் படச்சில்லைத் தொட வேண்டும். எமுலேட்டரில் ஓடிய ஆட்டம் பெட்டியில் கறுப்புத் திரையோடு நின்றால் முனைகளைத் துடைத்துப் பாருங்கள், பிறகு இந்தத் தொடக்க வரிகளைப் பாருங்கள்.